வேர் நுனியின் கடைசி 2 மில்லிமீட்டர்

வெங்காய வேரைச் சாயமேற்றி, நசுக்கி, நுண்ணோக்கியில் வைத்தால் குரோமோசோம்கள் தெரியும் என்று செய்முறைக் குறிப்புகள் நான்கே வரியில் முடித்துவிடும். வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் கண்ணில் படுவது நீள நீளமான வெறுஞ்செல்களும், ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புப் பொட்டும்தான். உடனே சாயம் பழசு என்போம், லென்ஸ் சரியில்லை என்போம். தவறு அநேகமாக அதற்கு வெகு முன்பே, பிளேடு பட்ட இடத்தில் நடந்து முடிந்திருக்கும்.

வேரின் எல்லாச் செல்களும் பிரிவதில்லை. நுனியில் தொப்பிபோல வேர்மூடி இருக்கிறது. அதற்கு அடுத்து ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் நீளத்துக்கு ஆக்குத்திசு. பிரிவு நடப்பது அங்கேதான். அதையும் தாண்டினால் நீட்சிப் பகுதி. அங்கே செல்கள் பிரிவதை விட்டுவிட்டு, உள்ளே நீரை நிரப்பிக்கொண்டு நீள்கின்றன. நுனியை விட்டு அரை சென்டிமீட்டர் தள்ளி எடுத்த துண்டு எவ்வளவு நன்றாகச் சாயமேறினாலும் அதில் மைட்டாசிஸ், அதாவது வளரும் திசுவின் செல் பிரிவு, கிடைக்காது. சாயமேற்றும்வரை நுனியோடு சேர்ந்த ஒரு சென்டிமீட்டர் நீளத் துண்டாகவே வைத்திருப்பது கையாள வசதி. சாயமேறிய பிறகு பார்த்தால் நுனி மட்டும் அடர்ந்த நிறத்தில் நிற்கும், மேல்பகுதி வெளிறியிருக்கும். சிறிய செல்கள் நெருக்கமாக, ஒவ்வொன்றிலும் பெரிய உட்கருவோடு இருப்பதால் வரும் அடர்த்தி அது. அந்த அடர்ந்த பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். ‘கொஞ்சம் கூடவே இருக்கட்டும்’ என்று விட்டுவைக்கும் துண்டுதான் பின்னால் மேலே மூடும் மெல்லிய கண்ணாடியான கவர்ஸ்லிப்பைத் தூக்கி நிறுத்தும்.

வேர் வளர்ப்பதிலிருந்தே தொடங்கலாம். வெங்காயத்தின் அடித்தட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் பழைய வேர்களைப் பிளேடால் சுரண்டி எடுக்க வேண்டும். அடித்தட்டில் காயம் படக் கூடாது. வாய் குறுகலான கண்ணாடிக் குவளையில் நீரை நிரப்பி, அடித்தட்டு மட்டும் நீரைத் தொடும்படி வெங்காயத்தை உட்கார வைத்தால் போதும். பாதி வெங்காயம் நீரில் மூழ்கினால் அது அழுகும், வேர் வராது. தினமும் நீரை மாற்றினால் மூன்று முதல் ஐந்து நாளில் வேர் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வளர்ந்துவிடும். அந்த அளவில் எடுப்பது நல்லது. வெள்ளையாக, விறைப்பாக, நுனி கூர்மையாக இருக்கும் வேரை எடுங்கள். நுனி பழுப்பேறியிருந்தால் ஆக்குத்திசு செத்துவிட்டது, அந்த வேர் வேண்டாம்.

ஒரு வாரமாகியும் வேரே எட்டிப் பார்க்காத வெங்காயமும் உண்டு. சேமிப்பில் முளைக்காமலிருக்க வேதிப்பொருளோ கதிர்வீச்சோ பட்டதாக இருக்கலாம். செல் பிரிவைத் தடுத்துத்தான் முளைப்பைத் தடுக்கிறார்கள் என்பதால் அதோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. ஒரே ஒரு வெங்காயத்தை நம்பாமல் நான்கைந்தை ஒன்றாக வைப்பது இதற்காகத்தான். லேசாகப் பச்சை முளை விட்ட வெங்காயம் பெரும்பாலும் ஏமாற்றாது. பூண்டுப் பல்லும் ஆகும். அதற்கும் வெங்காயத்தைப் போலவே 16 குரோமோசோம்கள்தான்.

எந்நேரத்தில் வெட்டுவது என்பதில் ஆளுக்கொரு கணக்கு. காலை எட்டு மணியிலிருந்து பத்து மணிக்குள் என்பது பரவலான வழக்கம். ஆனால் பிரிவின் வேகம் வெப்பநிலையையும் பொறுத்தது. குளிர்ந்த அறையில் வளர்ந்த வேரில் எல்லாமே மந்தமாக நடக்கும். ஒரு மணி நேர இடைவெளியில் இரண்டு மூன்று தொகுதிகளாக வெட்டி, குப்பியில் நேரத்தை எழுதி வைப்பது நம்பகமான வழி. எந்தத் தொகுதியில் பிரிவு அதிகம் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால், அதே சூழலில் அடுத்த முறை அலைய வேண்டாம். நேரத்தைவிட முக்கியமான ஒன்று உண்டு: வெட்டிய வேர் சில நொடிகளுக்குள் நிலைநிறுத்தும் கரைசலில் (செல்களை அந்த நொடியில் இருந்தபடியே காக்கும் கரைசல்) விழ வேண்டும். மேசைமேல் சற்று நேரம் கிடந்தால்கூடச் செல்கள் உலரத் தொடங்கும். பாதியில் இருந்த பிரிவுகள் முடிந்துவிடும், புதியவை தொடங்காது. கரைசல் குப்பியைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு அப்புறம் கத்தரியைத் தொடுங்கள்.

நிலைநிறுத்தும் கரைசல் என்பது ஒரு பங்கு கிளேசியல் அசிட்டிக் அமிலம், மூன்று பங்கு எத்தனால். அன்றன்றைக்குக் கலந்துகொள்ள வேண்டும். நாள்பட வைத்தால் அமிலமும் ஆல்கஹாலும் வினைபுரிந்து எத்தில் அசிட்டேட்டாக மாறத் தொடங்கும். போன மாதம் கலந்த குப்பியில் போட்ட வேர் சரியாக நிலைநிற்காது. திசுவின் பருமனைப்போல் குறைந்தது பத்து மடங்கு கரைசல் இருக்கட்டும். ஒரு நாள் ஊறிய பிறகு 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் பல வாரங்கள் தாங்கும். வேர்கள் நன்றாக வரும்போது நிறையவே வெட்டி இப்படிச் சேமித்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

அடுத்தது, பலரும் அவசரத்தில் தாவிவிடும் படி: அமிலத்தில் மென்மையாக்குவது. தாவரச் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருப்பது பெக்டின் அடுக்கு. அது கரையாதவரை எவ்வளவு அழுத்தினாலும் செல்கள் அடுக்கடுக்காகவே கிடக்கும், பிரிந்து விரியாது. ஒரு நார்மல் செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில், 60 டிகிரி செல்சியஸில், ஐந்து முதல் பத்து நிமிடம் வைக்க வேண்டும். அடர் அமிலத்திலிருந்து ஒரு நார்மல் கரைசல் 100 மில்லிலிட்டர் தயாரிக்கச் சுமார் 8.3 மில்லிலிட்டர் அமிலம் போதும். நீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் நீரை அல்ல. அளவு சரிதானா என்று ஊசி முனையால் நுனியைத் தொட்டே தெரிந்துகொள்ளலாம். வளைந்துகொடுத்து மெத்தென்றிருந்தால் சரி. இன்னும் நார்போல விறைப்பாக இருந்தால் இரண்டு நிமிடம் கூட்டுங்கள். தொட்டதும் குழைந்து பொடிந்தால் நேரம் கடந்துவிட்டது. அந்த வேரில் குரோமோசோம் வெளிறித்தான் தெரியும், ஏனென்றால் அமிலம் பெக்டினோடு நிற்காமல் டி.என்.ஏ.வையும் அரிக்கத் தொடங்கியிருக்கும். பிறகு இரண்டு மூன்று முறை நீரில் அலச வேண்டும். அமிலம் மிச்சமிருந்தால் சாயம் ஒழுங்காகப் பிடிக்காது என்பது ஒரு காரணம். அது கசிந்து நுண்ணோக்கியின் மேடையையும் லென்ஸையும் அரிக்கும் என்பது இன்னொன்று.

சாயத்துக்கு அசிட்டோகார்மைன் அல்லது அசிட்டோ ஆர்சின். ஒரு கிராம் கார்மைன் பொடியை 45 சதவீத அசிட்டிக் அமிலம் 100 மில்லிலிட்டரில் மெல்லக் கொதிக்கவிட்டு, ஆறிய பின் வடிகட்டினால் ஒரு சதவீத அசிட்டோகார்மைன். வடிகட்டாமல் பயன்படுத்தினால் கரையாத துகள்கள் ஸ்லைடெங்கும் சிதறிக் கிடக்கும். முதல் முறை பார்ப்பவர் அவற்றைக் குரோமோசோம் என்றே வரைந்துவிடுவார். மென்மையாக்குவதைத் தனிப் படியாகச் செய்ய வசதியில்லையென்றால் ஒன்பது சொட்டு சாயத்தோடு ஒரு சொட்டு ஒரு நார்மல் அமிலம் கலந்து, வாட்ச் கிளாஸில் வேரைப் போட்டு, அடியில் லேசாகச் சூடு காட்டலாம். ஆவி எழும்பும்போது எடுத்துவிட வேண்டும். கொதித்தால் திசு சுருங்கிக் கெட்டியாகும். புறங்கையில் தொட்டால் தாங்குகிற சூடுதான் கணக்கு. இப்படி ஐந்தாறு முறை காட்டி, பின் இருபது நிமிடம் அப்படியே விடுங்கள். ஆல்கஹால் கலந்த கரைசல் எதையும் சுடர் அருகே கொண்டுபோக வேண்டாம்.

அசிட்டோகார்மைனில் வேரைத் துருப்பிடித்த இரும்பு ஊசியால் கிளறினால் நிறம் இன்னும் கறுக்கும். இரும்பு அயனிகள் சாயத்தைக் குரோமாட்டினோடு (குரோமோசோம் ஆக்கப்பட்ட பொருள்) இறுகப் பிணைப்பதால் வரும் விளைவு அது. ஒரு கிளறல் போதும். ஆசைப்பட்டுக் கிளறினால் உட்கருவைச் சுற்றியுள்ள சைட்டோபிளாசமும் சேர்ந்து கறுத்து, எது எதுவென்று தெரியாமல் போகும். அப்படி ஆகிவிட்டால் 45 சதவீத அசிட்டிக் அமிலத்தில் சிறிது நேரம் வைத்துச் சூடு காட்டினால் அதிகப்படிச் சாயம் இறங்கும். சைட்டோபிளாசத்திலிருந்துதான் முதலில் இறங்கும், குரோமோசோமிலிருந்து கடைசியில்.

இனி நசுக்குவது. கையால்தான் கற்க வேண்டிய பகுதி இது. சுத்தமான ஸ்லைடின் நடுவே 45 சதவீத அசிட்டிக் அமிலம் ஒரு சிறு சொட்டு. அதில் நுனியின் அடர்ந்த ஒரு மில்லிமீட்டரை வைத்து, ஊசியால் இரண்டு மூன்றாகப் பிய்த்து, கவர்ஸ்லிப்பை ஓரத்திலிருந்து சாய்த்து இறக்குங்கள். முதலில் அழுத்தக் கூடாது, தட்ட வேண்டும். ஊசியின் கைப்பிடியாலோ பென்சிலின் ரப்பர் முனையாலோ செங்குத்தாக மெல்லத் தட்டத் தட்ட, சிவப்புத் துணுக்கு மேகம்போலக் கலைந்து பரவுவது கண்ணுக்கே தெரியும். கலைந்த பிறகு மடித்த வடிதாளை மேலே வைத்து, கட்டைவிரலால் நேர்கீழாக ஒரே அழுத்து. இந்த நொடியில் கவர்ஸ்லிப் பக்கவாட்டில் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் எல்லாம் கெட்டது. செல்கள் உருண்டு, குரோமோசோம்கள் சிவப்புக் கோடுகளாக இழுபட்டிருக்கும். அதனால் மறு கையின் இரண்டு விரல்களால் வடிதாளின் ஓரத்தைப் பிடித்துக்கொள்வது அவசியம். சொட்டு பெரிதானால் செல்கள் மிதந்து ஓரத்துக்கு ஓடிவிடும். சிறிதானால் காற்றுக் குமிழி சேரும். குமிழியின் விளிம்பு கறுப்பாக, வட்டம் கச்சிதமாக இருக்கும். வேர் நுனியின் எந்தச் செல்லும் அவ்வளவு கச்சிதமான வட்டமாக இருப்பதில்லை. ஓரங்களில் நகப்பூச்சு தடவினால் ஒரு நாள் வரைக்கும் உலராது.

தேடுவதற்கு 10 மடங்கு லென்ஸே போதும். நேராக 40-க்குப் போனால் வைக்கோல் போரில் ஊசி தேடுவதுதான். குறைந்த பெருக்கத்தில் சிறிய, ஏறத்தாழச் சதுரமான, உட்கரு செல்லின் பெரும்பகுதியை நிறைத்திருக்கும் செல்கள் எங்கே கூட்டமாக இருக்கின்றன என்று பாருங்கள். அதுதான் ஆக்குத்திசு. நீண்ட செல்களும் சின்ன உட்கருவும் தெரிந்தால் ஸ்லைடை நகர்த்துங்கள். அந்த ஸ்லைடு முழுக்க அப்படியே இருந்தால் வெட்டிய இடம் தவறு; அடுத்த வேருக்குப் போவதுதான் நேரத்தை மிச்சப்படுத்தும்.

நல்ல இடம் கிடைத்தாலும் பெரும்பாலான செல்கள் இரண்டு பிரிவுகளுக்கு நடுவிலான இடைக்கால நிலையில்தான் இருக்கும். செல் சுழற்சியில் 95 சதவீதத்துக்கு மேற்பட்ட நேரம் அதற்கே போகலாம். வளர்ப்பு ஊடகத்தில் ஏறத்தாழ 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பிரியும் மனிதச் செல்லில் பிரிவுக்கென்று செலவாவது ஒரு மணி நேரம் அளவுதான். ஆகவே பிரியாத செல்கள் நிறைந்த ஸ்லைடு தோல்வியல்ல. இடைக்கால உட்கரு வழவழப்பாக, உள்ளே ஒன்றிரண்டு வெளிறிய வட்டங்களோடு தெரியும். அந்த வட்டங்கள்தான் நியூக்ளியோலஸ்.

பிரிவின் முதல் கட்டமான புரோஃபேஸ் எங்கே தொடங்குகிறது என்பதில்தான் பார்ப்பவருக்குப் பார்ப்பவர் வேறுபடுவார்கள். வழவழப்பு போய் நூற்கண்டு தெரிந்தால் புரோஃபேஸ் என்று ஓர் எல்லை வைத்துக்கொண்டு, கடைசிவரை அதே எல்லையில் நில்லுங்கள். குரோமோசோம்கள் நடுவே அணிவகுக்கும் கட்டமான மெட்டாஃபேஸைப் பாடப்படங்கள் எப்போதும் பக்கவாட்டில்தான் வரையும்: நடுவே ஒரு வரிசை. நசுக்கிய ஸ்லைடில் செல் எந்தப் பக்கமும் திரும்பிக் கிடக்கலாம். துருவத்திலிருந்து, அதாவது செல்லின் ஒரு முனையிலிருந்து, பார்க்க நேர்ந்தால் அதே மெட்டாஃபேஸ், கரங்கள் வெளியே நீண்ட நட்சத்திரம்போல் இருக்கும். அதைப் புரோஃபேஸ் கணக்கில் போட்டுவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. கண்டுபிடிக்க ஒரு வழி: புரோஃபேஸில் நூல்கள் நீண்டு, பின்னி, உருண்டைக்குள் அடைந்திருக்கும், மெட்டாஃபேஸில் குட்டையாக, தடித்து, தனித்தனியாக எண்ணக்கூடியதாக இருக்கும்.

அடுத்த கட்டமான அனாஃபேஸ் சந்தேகமே தராது. எதிரெதிராக விலகும் இரண்டு கூட்டங்கள், ஒவ்வொரு குரோமோசோமும் கரங்கள் சேரும் இடமான சென்ட்ரோமியர் முன்னே செல்ல, கரங்கள் பின்னே தொங்க, ஆங்கில ‘வி’ வடிவில். இடையில் ஒரு குரோமோசோம் பின்தங்கியோ இரு கூட்டத்துக்கும் நடுவே பாலம்போல் நீண்டோ தெரிந்தால் அதையும் வரையுங்கள்; அது சாயத்தின் கோளாறு அல்ல. கடைசிக் கட்டமான டீலோஃபேஸில் இரண்டு உட்கருக்களுக்கு நடுவே மெல்லிய கோடு எழும். செல்தட்டு என்பது அதுதான். அது நடுவில் தொடங்கி இருபுறச் சுவரையும் நோக்கி வளர்வதைக் கவனியுங்கள். விலங்குச் செல்லில் இதற்கு நேரெதிர், வெளியிலிருந்து உள்ளே இறுகும் பள்ளம். உறுதியான செல்சுவரை அப்படிச் சுருக்க முடியாது என்பதால் தாவரம் உள்ளிருந்தே புதுச் சுவர் எழுப்புகிறது. வெங்காய ஸ்லைடை வரையும்போது துருவத்தில் சென்ட்ரியோலை (விலங்குச் செல்லில் அங்கே இருக்கும் நுண்ணுறுப்பு) போட்டுவிடுபவர்கள் நிறைய. பூக்கும் தாவரங்களின் செல்லில் சென்ட்ரியோல் கிடையாது. குரோமோசோம்களை இழுக்கும் கதிர்கோல் அது இல்லாமலேயே உருவாகிறது. அதேபோல வேர் நுனியில் குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் பிரிவான மியாசிஸைத் தேடியும் பயனில்லை. அதற்கு இளம் பூமொட்டின் மகரந்தப்பைக்குப் போக வேண்டும்.

எண்ணிக்கையிலும் சிக்கல் உண்டு. மெட்டாஃபேஸில் 16 குரோமோசோம், ஆனால் 32 குரோமாட்டிட் (ஒவ்வொரு குரோமோசோமின் இரட்டை இழைகளில் ஒன்று). அனாஃபேஸில் குரோமாட்டிட்கள் பிரிந்த நொடியிலிருந்து ஒவ்வொன்றும் தனிக் குரோமோசோம் என்பதால் அதே செல்லில் இப்போது 32. சென்ட்ரோமியரை எண்ணினால் குழப்பமே வராது. ஸ்லைடில் 14 அல்லது 15 மட்டுமே தெரிந்தால் இரண்டு ஒன்றன்மேல் ஒன்று படுத்திருக்கும், அல்லது நசுக்கும்போது ஒன்று செல்லைவிட்டு வெளியே போயிருக்கும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மனிதச் செல்லில் 48 குரோமோசோம் என்று 1923-இல் அமெரிக்க விலங்கியலாளர் தியோஃபிலஸ் பெயின்டர் எழுதியது முப்பது ஆண்டுகளுக்கு மேல் நின்றது. குரோமோசோம்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் விரியும்படி ஸ்லைடு செய்ய வழி பிறந்த பிறகுதான், 1956-இல் ஜோ ஹின் ஜியோவும் ஆல்பர்ட் லெவானும் 46 என்று திருத்தினார்கள். லெவான் அதற்கு முன்பு வெங்காய வேர் நுனியில் நீண்ட காலம் வேலை செய்தவர்.

மைட்டாடிக் குறியீடு, அதாவது பிரிவில் இருக்கும் செல்களின் சதவீதம், போட வேண்டுமானால் ஒரே இடத்தில் நல்ல பிரிவுகளாகப் பொறுக்கி எண்ணாதீர்கள். ஆக்குத்திசுப் பகுதியில் பார்வைப்புலத்தை வரிசையாக நகர்த்தி, ஒவ்வொன்றிலும் எல்லாச் செல்லையும் எண்ண வேண்டும், குறைந்தது 500 வரைக்கும். 500-இல் 45 பிரிவில் இருந்தால் குறியீடு 9 சதவீதம். அந்த 45-இல் மெட்டாஃபேஸ் 8 என்றும், முழுச் சுழற்சி 20 மணி நேரம் என்றும் வைத்துக்கொண்டால், மெட்டாஃபேஸுக்கு ஆகும் நேரம் 8-ஐ 500-ஆல் வகுத்து 1,200 நிமிடத்தால் பெருக்கியது, அதாவது சுமார் 19 நிமிடம். தோராயக் கணக்குதான். ஆனால் அனாஃபேஸ் ஏன் அவ்வளவு அரிதாகக் கிடைக்கிறது என்பதற்குப் பதில் இதிலேயே இருக்கிறது: குறைந்த நேரமே நீடிக்கும் நிலை, குறைந்த செல்களில்தான் அகப்படும்.

இவ்வளவு நல்ல ஸ்லைடிலும் மைட்டோகாண்ட்ரியா எங்கே என்று கேட்பவர் உண்டு. நியாயமான கேள்வி. குரோமோசோமைக் காப்பாற்றும் அதே அசிட்டிக் அமிலமும் ஆல்கஹாலும் கொழுப்புச் சவ்வுகளைச் சிதைத்துவிடுகின்றன; மைட்டோகாண்ட்ரியா அதில் தப்புவதில்லை. பாடப்படம் எல்லா நுண்ணுறுப்புகளையும் ஒரே செல்லில் அடுக்கிக் காட்டும். எந்த ஸ்லைடும் அப்படிக் காட்டாது. ஒன்றைக் காட்ட இன்னொன்றை இழக்க வேண்டும். மைட்டோகாண்ட்ரியா வேண்டுமென்றால் உயிருள்ள செல்லில் ஜேனஸ் கிரீன் சாயம். அரை முதல் ஒரு மைக்ரான் அகலத்தில் நீலப்பச்சைப் புள்ளிகளாகத் தெரியும். சில நிமிடங்களில் நிறம் மங்கும் என்பதால் சாயமிட்ட உடனே பார்க்க வேண்டும். ரைபோசோம் 20 முதல் 30 நானோமீட்டர்தான். ஒளி நுண்ணோக்கி பிரித்துக் காட்டும் எல்லை சுமார் 200 நானோமீட்டர். எனவே ரைபோசோமை வரைந்து ‘பார்த்தது’ என்று எழுதுவது பொய்க்கணக்கு. கோல்கை உறுப்பும் இந்த ஸ்லைடில் தெரியாது. ஆனால் செல்தட்டைக் கட்டும் பைகள் அதிலிருந்துதான் வருகின்றன. அந்த மெல்லிய கோடு அதன் கைவேலை.

சாயமே இல்லாமல் பார்க்கக்கூடியவையும் உண்டு. சிவப்பு வெங்காயச் செதிலின் வெளிப்புறத் தோலை உரித்து நீரில் வைத்தால் செல்லை நிறைக்கும் இளஞ்சிவப்பு தெரியும். அந்த நிறமி செல்லின் நீர்ப்பையான வாக்குவோலுக்குள் மட்டுமே இருப்பதால், நீங்கள் பார்ப்பது வாக்குவோலையே. கவர்ஸ்லிப்பின் ஒரு ஓரத்தில் 5 சதவீத உப்புநீரை விட்டு, எதிர் ஓரத்தில் வடிதாளால் உறிஞ்சினால் நிறம் சுருங்கி அடர்ந்து, சுவரைவிட்டு விலகும். பிளாஸ்மா சவ்வு எங்கே முடிகிறது, செல்சுவர் எங்கே நிற்கிறது என்ற வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக எந்தப் படமும் காட்டாது. தாமதிக்காமல் நல்ல நீரை விட்டால் நிறம் மறுபடி விரிந்து சுவரைத் தொடும். அதிக நேரம் உப்பிலேயே விட்டால் செல் செத்து, நிறமி கசிந்துவிடும். பசுங்கணிகத்துக்கு ஹைட்ரில்லாவின் நுனிப்பக்க இளம் இலை ஒன்றைப் பிய்த்து அப்படியே ஒரு சொட்டு நீரில் வைக்கலாம், வெட்டவே வேண்டாம். சில நிமிடம் விளக்கு வெளிச்சத்தில் இருந்த பிறகு இலையின் நடு நரம்பை ஒட்டிய செல்களைப் பாருங்கள். பச்சை மணிகள் சுவரோரமாக ஊர்ந்து சுற்றிவரும். ஓடாமல் நின்றால் நீர் மிகவும் குளிர்ந்திருக்கும். அறை வெப்பத்துக்கு வந்ததும் மெல்ல நகரத் தொடங்கும்.